படிப்பதும் பொருள்கொள்வதும்

ஒரு மொழியைப் படிக்கத் தெரிவது வேறு. படித்ததற்குப் பொருள்கொள்ளத் தெரிவது வேறு. எழுத்துக் கூட்டி வாசிக்கும் திறமை பள்ளியின் முதல் சில ஆண்டுகளிலேயே கைவந்துவிடுகிறது. ஆனால், ஒரு பத்தியைப் படித்து, அதில் சொல்லப்பட்டது எது, சொல்லப்படாதது எது, யாருக்கு, எந்த நிபந்தனையின்மேல் சொல்லப்பட்டது என்று தேர்ந்து கூறும் ஆற்றல் பட்டம் பெற்ற பின்னும் பலருக்கு வாய்ப்பதில்லை. தாய்மொழியிலேயே இந்நிலை என்றால், ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

தலைநகரில் வாழும் தமிழருக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1946-ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் அமைந்திருப்பது ஆர்.கே.புரத்தில். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும், முருகன் எழுந்தருளியுள்ள மலைமந்திரும் இப்பகுதியில் உள்ளவையே. சுற்றிலும் அரசாங்க அலுவலகங்கள். அவற்றில் பணிபுரிவோரின் குடியிருப்புகள். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம். மூன்றையும் தடையின்றிப் பேசிவிடுகிறான். ஆயினும் ஆங்கிலப் பத்தியொன்றைக் கொடுத்து, கீழே நான்கு விடைகளை அச்சிட்டு, அவற்றுள் பத்திக்குப் பொருந்துவது எது என்று கேட்டால், நாலும் சரியாகத் தோன்றுகின்றன என்று மயங்கி நிற்கிறான்.

இம்மயக்கம் எத்துணை விலையுள்ளது என்பதைத் தேர்வு எழுதுவோர் அறிவர். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலையில், 2011-ஆம் ஆண்டு முதல் இரண்டாம் தாளாகத் திறனறி தாள் ஒன்று வைக்கப்படுகிறது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள். பத்தியைப் படித்துப் பொருள்கொள்ளும் வினாக்கள் அதில் கணிசமான பங்கு பெறுகின்றன. தவறான விடைக்கு அவ்வினாவிற்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆங்கிலம் அல்லாத மொழிவழிப் பயின்றோருக்கு இத்தாள் இடையூறாக உள்ளது என்று 2014-ஆம் ஆண்டில் தில்லியில் இளைஞர்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். ஆங்கிலத் திறனுக்கென்றே அமைந்த வினாக்களின் மதிப்பெண்கள் அவ்வாண்டு கணக்கில் கொள்ளப்படவில்லை. 2015 முதல் அத்தாளில் 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண், பெற்றாலே போதும் என்று விதி மாறியது.

விதி தளர்ந்தது உண்மை, வாயில் அகன்றுவிடவில்லை. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதும் உரிமை பெற்ற நம் மாணவர், அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலையை எய்துவதற்கு முன், இவ்விரு மொழிகளுள் ஒன்றில் பத்திகளைப் படித்துப் பொருள் கண்டாக வேண்டும். முதன்மைத் தேர்விலும் 300 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத் தகுதித் தாள் ஒன்று உண்டு. அதில் 25 விழுக்காடு பெறாதவரின் ஏனைய தாள்கள் கணக்கில் சேரா. ஆகவே, ஆங்கிலப் பத்தியைப் படித்தறியும் பயிற்சி தமிழில் எழுத விரும்பும் மாணவருக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

இப்பயிற்சிக்கு எனப் பலரும் மேற்கொள்ளும் வழி, மயங்குதற்குரிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது. அம்முயற்சியைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆனால், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் நாள்தோறும் காண்பது ஒன்று. சொற்கள் தனித்து நின்று நம்மை மயக்குவதைக் காட்டிலும், வாக்கியத்தினின்று அவற்றைப் பிரித்துப் படிப்பதால் நாமே மயங்குவதுதான் மிகுதி. படித்தறிதலும் சொல் மயக்கம் தீர்தலும் இருவேறு பாடங்கள் அல்ல. ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

தமிழில் மயங்கொலிச் சொற்கள் நமக்குப் புதியன அல்ல. அரம் வேறு, அறம் வேறு. வலி, வளி, வழி மூன்றும் வேறு. பேசும்போது பலர் நாவில் இவை ஒன்றாகிவிட்டாலும், எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்திலோ, பேச்சில் வேறுபாடே இல்லாமல், எழுத்தில் மட்டும் வேறுபடும் சொற்கள் ஏராளம்.

'ஸ்டேஷனரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈற்றிலிருந்து மூன்றாம் இடத்தில் 'ஏ' எழுத்து வந்தால், நகராது நிலையாக நிற்பது என்று பொருள். அவ்விடத்தில் 'ஈ' எழுத்து வந்தால், தாள், உறை, எழுதுகோல் முதலிய எழுதுபொருள். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்கும் வணிகர் பலர். ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்று அழைத்தனர். அவர் விற்ற பொருள் இரண்டாவது சொல்லாயிற்று. உறையைக் குறிக்கும் 'என்வெலப்' என்ற சொல் 'ஈ' எழுத்தில் தொடங்குவதை நினைவிற் கொண்டால், எழுதுபொருளுக்கு எந்த எழுத்து என்பது மறவாது.

'பிரின்ஸிபல்' என்பதும் இவ்வாறே. ஈறு 'பி, ஏ, எல்' என முடிந்தால், முதன்மையானது, கல்லூரி முதல்வர், கடனில் வட்டி நீங்கலான அசல் என்று பொருள்கள் விரியும். 'பி, எல், ஈ' என முடிந்தால் கொள்கை என்ற பொருளே உண்டு. அலுவலகக் கடிதங்களில் ஒரு திட்டம் 'இன் பிரின்ஸிபிள்' ஏற்கப்பட்டது என்று வந்தால், கொள்கையளவில் மறுப்பில்லை என்பதே கருத்து. பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாகாது.

இரண்டாவது வகை, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஓரெழுத்தால் வேறுபடுவது. 'அட்வைஸ்' என்பதில் 'சி' எழுத்து வந்தால் அறிவுரை. 'எஸ்' எழுத்து வந்தால் அறிவுரை கூறுதல். ஒலியிலும் சிறு வேறுபாடு உண்டு. பெயர்ச்சொல் மெல்லிய சீறொலியில் முடியும். வினைச்சொல் வண்டின் முரற்சிபோல் அதிர்ந்து முடியும். அந்த அதிர்வொலி தமிழில் இன்மையால் நம் செவி இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது. 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகியவற்றிலும் பெயருக்குச் 'சி', வினைக்கு 'எஸ்' என்பது பிரிட்டிஷ் மரபு. அங்கே ஒலி வேறுபாடும் இல்லை. அமெரிக்கர் இவற்றுள் முன்னதைச் 'சி' கொண்டும் பின்னதை 'எஸ்' கொண்டும் இரு நிலையிலும் எழுதுவர். எந்நாட்டு ஏட்டைப் படிக்கிறோம் என்பதையும் ஆதலால் நோக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் கைப்பொருளைத் தொடுவது. 'அஃபெக்ட்' என்பது பாதித்தல். 'எஃபெக்ட்' என்பது விளைவு. பட்டியல்கள் இவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் 'எஃபெக்ட்' வினையாகவும் வரும். அப்போது நிறைவேற்றுதல் என்று பொருள். சம்பளத்திலிருந்து பிடித்தம் 'எஃபெக்ட்' செய்யப்படும் என்று ஆணை வந்தால், பிடித்தம் நடைபெறும் என்று அறிக. பிடித்தம் 'அஃபெக்ட்' ஆகும் என்று அதே வாக்கியம் வந்திருந்தால், பிடித்தத்திற்கு இடையூறு நேரும் என்று பொருள்பட்டுவிடும். ஓரெழுத்தின் மாற்றத்தில் பணம் போவதும் தங்குவதும் அடங்கியிருக்கிறது!

இவ்வகையில் முற்றிலும் எதிர்ப்பொருள் தரும் இணை 'பிரிஸ்கிரைப்', 'ப்ரோஸ்கிரைப்' என்பன. முன்னது விதித்தல்; பாடமாக வைத்தலையும் மருந்து எழுதித் தருதலையும் அது குறிக்கும். பின்னது தடைசெய்தல். பாரதியாரின் பாடல் நூல்களை 1928-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு தடைசெய்து பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதாடினார். பின்னாளில் அதே பாரதியாரின் பாடல்கள் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றன. ஒரு காலத்தில் பின்னைய சொல்லுக்கு இலக்கானவை மறுகாலத்தில் முன்னைய சொல்லுக்கு உரியவாயின. இவ்வரலாற்றை நினைவிற் கொண்டவருக்கு இவ்விரு சொற்களும் ஒருகாலும் மாறா.

இனி, ஒரே சொல் இருபொருள் தாங்கி வருவதையும் காண்போம். 'ஸாங்ஷன்' என்பது தில்லி அலுவலகங்களில் ஒப்புதல். வெளிநாட்டுச் செய்தியில் ஒரு நாட்டின்மேல் விதிக்கப்படும் தண்டனைத் தடை. 'ஓவர்சைட்' என்பது ஓரிடத்தில் மேற்பார்வை. வேறோரிடத்தில் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. 'பவர்' என்பது பௌதிகத்தில் திறன், கணிதத்தில் அடுக்கு, ஆட்சித்துறையில் அதிகாரம். ஒரு துறைக்கு ஒரு சொல் என வரையறுப்பதற்காகவே 1961-ஆம் ஆண்டில் அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நிறுவப்பெற்றது, அது ஆர்.கே.புரத்து மேற்குத் தொகுதியில் நெடுங்காலம் இயங்கி வந்திருப்பது நம்மவர் பலர் அறிந்ததே. துறைச் சொல்லுக்கு எல்லை கட்டலாம். பொதுச் சொல்லுக்கு எல்லை அது நிற்கும் வாக்கியமே. 2014 கிளர்ச்சியின்போது, எஃகு ஆலையைக் குறிக்கும் 'ஸ்டீல் பிளான்ட்' என்னும் தொடர் இந்தி வினாத்தாளில் செடியைக் குறிக்கும் சொல்லால் பெயர்க்கப்பட்டது என்று தேர்வர்கள் குறைகூறியதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. எஃகு என்ற சொல் அருகில் நிற்கையில் செடிக்கு அங்கு என்ன வேலை என்று வாக்கியத்தைக் கேட்டிருந்தால் அம்மயக்கம் நேர்ந்திராது.

சொற்களினும் நுட்பமானது வாக்கியத்தின் நடை. தமிழில் நிபந்தனை முன்னே வரும். முடிவு பின்னே வரும். 'மழை பெய்யாவிட்டால் வருவேன்' என்கிறோம். கேட்பவர் நிபந்தனையைக் கேட்ட பின்னரே முடிவை அறிகிறார். ஆங்கிலத்திலோ முடிவு பெரும்பாலும் முன்னே வந்துவிடும். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்', 'எக்ஸெப்ட்' முதலிய சொற்களோடு விலக்கும் நிபந்தனையும் வாக்கியத்தின் வாலில் தொங்கும். முடிவைக் கண்டதும் பொருள் முற்றிற்று என்று எண்ணும் தமிழ் மனம் அந்த வாலைத் தவறவிடுகிறது. தேர்வில் தவறான விடைகளை அமைப்போர் பெரிதும் நம்பியிருப்பது இப்பழக்கத்தைத்தான். முற்றுப்புள்ளி வரையில் சென்று, பின்னிருந்து முன்னாகத் திரும்பிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

இந்த மருந்தும் நம் முன்னோர் அறியாததன்று. செய்யுளில் சொற்கள் கிடந்தவாறே பொருள் கொள்ளாமல், இயைய வேண்டியதை இயைத்துக் கொள்ளும் முறையைப் 'பொருள்கோள்' என்றனர். நன்னூல் எட்டுவகைப் பொருள்கோள் கூறுகிறது. அவற்றுள் 'கொண்டுகூட்டு' ஒன்று. ஓரடியில் உள்ள சொல்லை மற்றோரடியில் உள்ள சொல்லோடு கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பது அது. ஆங்கில வாக்கியத்தின் வாலை எடுத்துத் தலையில் கூட்டிப் படிக்கும் நாம் செய்வது கொண்டுகூட்டே அன்றி வேறில்லை. பதவுரை, பொழிப்புரை என்று உரையாசிரியர்கள் வகுத்த முறையும் இன்றைய படித்தறிதல் பயிற்சிக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு சொல்லின் பொருள் எத்துணைப் பெரிய விளைவுகளைத் தரவல்லது என்பதற்கு இரு சான்றுகள் கூறுவோம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது பற்றி அரசியலமைப்பின் 124-ஆம் பிரிவு பேசுகிறது. அங்கு வரும் சொல் 'கன்ஸல்டேஷன்', அதாவது கலந்தாலோசித்தல். கலந்தாலோசித்தல் என்பது இசைவு பெறுதல் ஆகாது என்று 1981-ஆம் ஆண்டு நீதிபதிகள் நியமன வழக்கில் நீதிமன்றம் கூறியது. 1993-ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அதனை மாற்றி, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் குழுவே பெயர்களைத் தேர்ந்தளிக்கும் முறை இதினின்று வளர்ந்தது. சொல் மாறவில்லை, அதற்குக் கொண்ட பொருள் மாறியது, ஒரு நாட்டின் நீதித்துறை அமைப்பே மாறியது.

மற்றொன்று, 1889-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் எத்தியோப்பிய மன்னர் மெனலிக்குக்கும் இத்தாலிக்கும் இடையே ஏற்பட்ட ஊச்சாலி உடன்படிக்கை. பிற நாடுகளோடு தொடர்பு கொள்ள மன்னர் இத்தாலியின் உதவியைப் பயன்படுத்திக் 'கொள்ளலாம்' என்றது அம்ஹாரிக் மொழிப் படி. பயன்படுத்திக் 'கொள்ள வேண்டும்' என்ற பொருள்பட அமைந்தது இத்தாலியப் படி. அதைக் காட்டி எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி உரிமை கொண்டாடியது. மெனலிக் மறுத்தார். பூசல் முற்றிப் போராயிற்று; 1896 மார்ச் 1-ஆம் நாள் அத்வாப் போர்க்களத்தில் இத்தாலியப் படை தோல்வியுற்றது. 'மே' என்பதற்கும் 'மஸ்ட்' என்பதற்கும் உள்ள தொலைவைத் தேர்வுத் தாளில் அளப்பது எளிது. போர்க்களத்தில் அளப்பது கொடிது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். அலுவலக அறிவிப்புகளில் காணத்தக்க ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'அப்ளிகேஷன்ஸ் ரிஸீவ்டு ஆஃப்டர் தி ட்யூ டேட் ஷல் நாட் ஆர்டினரிலி பி என்டர்டெயின்டு, அன்லெஸ் தி டிலே இஸ் ட்யூ டு ரீஸன்ஸ் பியாண்ட் தி கண்ட்ரோல் ஆஃப் தி அப்ளிகண்ட்.'

முதலில் பதவுரை. 'ட்யூ' என்ற சொல் இருமுறை வந்துள்ளது. முதலில் வந்தது 'உரிய' என்ற பொருளில், கடைசி நாளைக் குறிக்கிறது. பின் வந்தது 'காரணமாக' என்ற பொருளில் நிற்கிறது. 'என்டர்டெயின்' என்றால் களிப்பூட்டுதல் என்றே பலரும் அறிவர். இங்கு அது பரிசீலனைக்கு ஏற்றுக்கொள்ளுதல். 'ஆர்டினரிலி' என்பது பொதுவாக என்று பொருள்படும். பார்வைக்குச் சிறிதெனினும், விதி முழுவதையும் தளர்த்தும் சொல் அது.

அடுத்து, கொண்டுகூட்டு. 'அன்லெஸ்' என்பதில் தொடங்கும் வாலைத் தலைக்குக் கொணர்க. பின்பு பொழிப்புரை: 'விண்ணப்பதாரரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தாமதம் நேர்ந்தாலன்றி, உரிய நாளுக்குப் பின் வந்து சேரும் விண்ணப்பங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.'

இப்போது வினாக்கள் கேட்போம். தாமதமாக வந்த எல்லா விண்ணப்பமும் தள்ளப்படுமா? படா. வெள்ளத்தால் அஞ்சல் நின்றுபோய்த் தாமதமானால் ஏற்பது உறுதியா? விலக்கில் அது அடங்கும்; ஆயினும் ஏற்றே தீரவேண்டும் என்று வாக்கியம் சொல்லவில்லை. உரிய நாளுக்குள் அனுப்பினால் போதுமா? போதாது, வாக்கியத்தில் உள்ள சொல் 'ரிஸீவ்டு', அதாவது வந்து சேர்ந்தவை. இக்கடைசி நுட்பத்தைக் கவனியாமல் கடைசி நாளன்று அஞ்சலில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்போர் எத்தனை பேர்!

வினாத்தாளில் வழங்கும் சொற்களிலும் மயக்கம் உண்டு. எழுதுபவர் குறிப்பாய் உணர்த்துவது 'இம்ப்ளை'. படிப்பவர் உய்த்துணர்வது 'இன்ஃபர்'. 'அஸம்ப்ஷன்' என்பது எழுதுபவர் சொல்லாமலே அடிப்படையாகக் கொண்ட எண்ணம். 'இன்ஃபரன்ஸ்' என்பது சொன்னதிலிருந்து நாம் அடையும் முடிவு. ஒன்று வாக்கியத்திற்கு அடியில் உள்ள கடைகால். மற்றொன்று அதன்மேல் எழும் மாடி. 'தில்லியில் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு மிகுதலால், வீடுதோறும் மழைநீர்த் தொட்டி கட்ட வேண்டும்' என்று ஒருவர் எழுதினால், மழைநீரைத் தேக்கினால் தட்டுப்பாடு குறையும் என்பது அவர் கொண்ட அடிப்படை. கோடையில் இப்போது கிடைக்கும் நீர் போதவில்லை என்று அவர் கருதுகிறார் என்பது நம் உய்த்துணர்வு. 'அரசு இதில் அக்கறை காட்டவில்லை' என்பதோ இரண்டுமன்று. அது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்தது. நம் கருத்து உண்மையாகவே இருக்கலாம். பத்தியில் இல்லையேல் அதற்கு மதிப்பெண் இல்லை.

ஆகவே, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி இவ்வாறு செய்யலாம். ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, அகராதியைத் தொடாமல் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். இரண்டாம் முறை, 'ஹவெவர்', 'ஆல்தோ', 'ஒன்லி', 'அன்லெஸ்' ஆகிய திருப்புச் சொற்களின்கீழ்க் கோடிட வேண்டும். 'இட்', 'தே', 'திஸ்' என வரும் சுட்டுகள் எதனைச் சுட்டுகின்றன என்று குறிக்க வேண்டும். ஐயமுள்ள சொல்லின் பொருளை முதலில் வாக்கியத்தைக் கொண்டு ஊகித்து, அதன் பின்னரே அகராதியைத் திறக்க வேண்டும். இறுதியில் புத்தகத்தை மூடி, பத்தியின் கருத்தை நல்ல தமிழில் மூன்று வாக்கியங்களில் எழுத வேண்டும். மயங்கிய சொற்களைக் குறித்து வைக்கும் ஏட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் உடன் எழுதுக.

தமிழில் எழுதிப் பார்த்தல் என்பதே இம்முறையின் உரைகல். புரியாத ஆங்கில வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லி, புரிந்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் அவ்வாறு ஏமாற்ற இயலாது. யார் செய்தார், எதைச் செய்தார், எப்போது, எந்த நிபந்தனையில் என்ற விவரங்கள் தெளிந்தாலன்றித் தமிழ் வாக்கியம் முடியாது. வினைமுற்று நம்மைக் கேள்வி கேட்டு நிறுத்தும். தாய்மொழி ஆங்கிலப் பயிற்சிக்குத் தடை என்று எண்ணி, பிள்ளைகளை வீட்டிலும் தமிழ் பேசவிடாத பெற்றோர் தலைநகரில் சிலர் உண்டு. அவர்கள் எறிவது தடைக்கல்லை அன்று, உரைகல்லை. ஆங்கிலப் பத்தியொன்றைப் படித்த பிள்ளையிடம், 'இதைத் தமிழில் சொல், பார்ப்போம்' என்று இரவு உணவின்போது தாயோ தந்தையோ கேட்பது, எந்தப் பயிற்சி நிலையமும் தரமுடியாத பாடம். அதற்குக் கட்டணமும் இல்லை.